மாட்டுக்கும் டாக்டர் வேண்டும் என்று கல்லூரி தொடங்கிய குதிரை வாத்தியார்: யார் இந்த பூர்ஷெலா?

ஜூன் பிறந்தால் குற்றாலத்தில் சாரல். தென்காசி, செங்கோட்டை பக்கம் ரோடெல்லாம் வேனும் காருமாக நிறைந்துவிடும். அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் கேரள எல்லையில் புளியரை சோதனைச் சாவடி. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், கால்நடை பராமரிப்புத் துறை ஆட்கள் அங்கே வந்து நின்றுவிடுவார்கள். கோழி ஏற்றி வரும் வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள். மற்ற வண்டிகளின் டயரில் கிருமிநாசினி அடிப்பார்கள். அருவிக்குப் போகிற அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது சும்மா ஒரு பத்து நிமிடத் தாமதம். அவ்வளவுதான்.

அந்த வேலைக்குப் பொறுப்பாக நிற்பவர் ஒரு கால்நடை மருத்துவர். ஐந்தரை வருடம் படித்துவிட்டு வந்தவர். தென்காசி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்புக்கு மிக அருகில் இருக்கும் அரசுக் கல்லூரி திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிறது. 2012-ல் தொடங்கியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது.

பிளஸ் டூ முடித்து பி.வி.எஸ்சி. விண்ணப்பம் போடும்போது எல்லோரும் கட்-ஆஃப் பார்ப்பார்கள், எத்தனை சீட் என்று பார்ப்பார்கள். ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்க ஒரு கல்லூரி வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று யாரும் தேடுவதில்லை. வைத்தியம் பழையதுதான். நம்மூரில் மாட்டு வைத்தியர்கள் உண்டு, சுவடிகள் உண்டு. வடக்கே குதிரை வைத்தியத்துக்கு சாலிஹோத்திரரின் பெயரில் நூலே உண்டு. ஆனால் வகுப்பறை, பாடத்திட்டம், தேர்வு, அரசு செலவு என்று இன்று நமக்குத் தெரிந்த வடிவத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி முதலில் வந்தது பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தில். தொடங்கியவர் கிளோட் பூர்ஷெலா. அவர் டாக்டர் இல்லை. மாடு வளர்த்தவரும் இல்லை.

குதிரையேற்ற வாத்தியார்

பூர்ஷெலா பிறந்தது 1712 மார்ச் 27. லியோன் அப்போது பட்டு நெசவுக்கும் பட்டு வியாபாரத்துக்கும் பேர் போன ஊர். அவருடையதும் வியாபாரக் குடும்பம்தான். இளம் வயதில் வக்கீலாக இருந்தார், ஒரு வழக்கில் நியாயம் இல்லாத பக்கத்துக்கு ஜெயித்துக் கொடுத்துவிட்டு மனசு கேட்காமல் தொழிலை விட்டார் என்று ஒரு கதை ரொம்ப காலமாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னாளில் ஆவணங்களைத் தோண்டிய வரலாற்று ஆசிரியர்கள் அதைப் பெரிதாக நம்பவில்லை.

உறுதியாகத் தெரிவது, 1740-ல், 28 வயதில், லியோனில் இருந்த அரச குதிரையேற்ற அகாடமிக்கு அவர் தலைவரானார் என்பது. பணக்கார, பிரபு வீட்டுப் பையன்கள் படிக்கும் இடம் அது. குதிரையேற்றம், வாள்வீச்சு, கொஞ்சம் கணக்கு, சபையில் நடந்துகொள்ளும் முறை, இதெல்லாம் பாடம். இன்றைய கணக்கில் ஒரு காஸ்ட்லியான பினிஷிங் ஸ்கூல் என்று வைத்துக்கொள்ளலாம். 1744-ல் குதிரையேற்றம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பா முழுக்க அவருக்கு அதனால் பெயர் கிடைத்தது.

அதோடு நின்றிருந்தால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. குதிரையோடு நாள் முழுக்க இருந்தவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. குதிரை நொண்டினால், அதற்குக் காய்ச்சல் வந்தால், பார்ப்பது லாடம் அடிப்பவர். அவர் அப்பாவிடம் கற்றுக்கொண்டதைச் செய்வார். தோலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. படித்த டாக்டர்கள் மிருகத்தைத் தொடுவதைக் கௌரவக் குறைவாக நினைத்த காலம். பூர்ஷெலா லியோனின் அறுவை சிகிச்சை நிபுணர்களோடு பழகி, அவர்கள் துணையோடு செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்துப் படித்தார். அதிலிருந்து 1750 முதல் 1753-க்குள் குதிரை மருத்துவம் பற்றி மூன்று தொகுதிகள் வந்தன. 1752-ல் பாரிஸ் அறிவியல் அகாடமி அவரைத் தன் தொடர்பு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. முறையான மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவருக்கு அது பெரிய விஷயம்.

அப்போது பாரிஸில் திதெரோவும் தலாம்பேரும் மாபெரும் கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்துக்கொண்டிருந்தார்கள். அறிவு என்பது லத்தீன் படித்தவர்களின் சொத்து மட்டும் இல்லை, கொல்லனின் பட்டறையிலும் இருக்கிறது என்று சொன்ன நூல் அது. அரசும் திருச்சபையும் அதை முடக்கப் பார்த்தன. அதில் குதிரை சம்பந்தமான கட்டுரைகள் 200-க்கு மேல் பூர்ஷெலா எழுதியவை. வேடிக்கை என்னவென்றால், கொஞ்ச காலம் கழித்து லியோனில் புத்தகங்களைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி வேலையும் அவருக்கே கிடைத்தது. தடை விதிக்கிற பக்கத்திலும் ஆள், தடை விதிக்கப்பட்ட பக்கத்திலும் ஆள். ஆட்களைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். கல்லூரி பிறந்ததற்கு அவருடைய குதிரை அறிவைவிட இந்தச் சாமர்த்தியம்தான் அதிகம் காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

மாடுகள் செத்துக்கொண்டிருந்தன

18-ம் நூற்றாண்டு ஐரோப்பாவின் விவசாயிகளைக் கேட்டால், அவர்களைப் போரைவிட அதிகம் பயமுறுத்தியது மாட்டுக் கொள்ளைநோய் என்பார்கள். தமிழில் இதற்கு வெக்கை நோய் என்று பெயர். ரிண்டர்பெஸ்ட். கடும் காய்ச்சல், வாயெல்லாம் புண், பிறகு கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் மரணம். புதிதாக நோய் நுழைந்த ஊரில் பத்து மாட்டில் எட்டு ஒன்பது போய்விடும். படைகளோடு சேர்ந்து ஓட்டிச் செல்லப்படும் மாடுகள் வழியாகத்தான் பெரும்பாலும் பரவியது. அந்த நூற்றாண்டில் மட்டும் ஐரோப்பாவில் கோடிக்கணக்கான மாடுகள் செத்தன.

மாடு செத்தால் பால் மட்டுமா போகும்? டிராக்டர் வருவதற்கு முந்தைய சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து விவசாயக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ஏர் இழுக்க மாடு, கமலை இறைக்க மாடு, வண்டிக்கு மாடு, வயலுக்கு எரு கொடுப்பதும் மாடு. ஒரு ஜோடி போனால் அந்த வருஷ வெள்ளாமை போச்சு. கடன் வாங்கி மறுபடி ஜோடி பிடிக்க வேண்டும். பிரான்ஸிலும் இதே கதைதான். மாடு செத்த ஊரில் அடுத்த வருஷம் வரி வசூல் ஆகாது. அரசாங்கம் கவலைப்பட்டது அதனால்தான்.

அப்போது பிரான்ஸின் நிதி அமைச்சராக இருந்தவர் ஆன்ரி பெர்தான். அதற்கு முன் லியோனில் அரசரின் உயர் அதிகாரியாக இருந்தவர், பூர்ஷெலாவின் நண்பர். விவசாயத்தைச் சரிசெய்தால்தான் கஜானா நிறையும் என்று நம்பியவர். பூர்ஷெலா அவரிடம் போய், மிருகங்களின் நோயைக் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி வேண்டும் என்றார். 1761 ஆகஸ்ட் 4-ம் தேதி அரசரின் ஆலோசனை சபை அனுமதி கொடுத்தது. ஆறு வருஷத்துக்குச் சேர்த்து 50,000 லிவ்ர் பணமும் ஒதுக்கப்பட்டது. லிவ்ர் என்பது அன்றைய பிரெஞ்சு நாணயம்.

பூர்ஷெலாவின் காதல் கடைசிவரை குதிரைதான். எழுதியதில் பெரும்பகுதி குதிரை பற்றியே. ஆனால் மனு போட்டபோது மாட்டுக் கொள்ளைநோயை முன்னால் வைத்தார். காசு எங்கே இருக்கிறது, எதைச் சொன்னால் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதைக் குறையாகச் சொல்லத் தேவையில்லை. பிரபுக்களின் குதிரைக்காக என்று கேட்டிருந்தால் இன்னொரு அகாடமிதான் வந்திருக்கும். விவசாயியின் மாட்டுக்காக என்று எழுதிக் கொடுத்ததால், அந்த வாக்குறுதி அவரையும் கட்டிப்போட்டது.

சத்திரத்தில் ஒரு கல்லூரி

1762 பிப்ரவரியில் பள்ளி திறந்தது. கட்டடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. லியோனின் கியோத்தியேர் என்ற புறநகர்ப் பகுதியில், வழிப்போக்கர்கள் தங்கும் பழைய சத்திரம் ஒன்று. அதைத் தொழுவம், கொல்லன் உலை, பிணம் அறுக்கும் அறை, மருந்தறை, மூலிகைத் தோட்டம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

மாணவர்கள் கிராமத்துப் பையன்கள். லாடம் அடிப்பவர்களின் மகன்கள் நிறைய. பல மாகாணங்கள் தங்கள் செலவில் ஆள் அனுப்பின. படித்துத் திரும்பினால் ஊருக்கு ஒரு வைத்தியர் கிடைப்பார் என்ற கணக்கு. பலருக்கு எழுதப் படிக்கவே சரியாக வராது. லத்தீன் இல்லாமல் பிரெஞ்சிலேயே பாடம் நடந்தது. பாடப்புத்தகம் இல்லாததால் பூர்ஷெலாவே எழுதினார்: உடற்கூறு, மருந்துகள், கட்டுப் போடும் முறை, குதிரையின் வெளி அமைப்பு. மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லோரும் உலையில் நின்று லாடம் அடிக்கவும் பழக வேண்டும். புத்தகமும் கைவேலையும் ஒரே கூரையில் இருந்த அந்த ஏற்பாடு அன்றைக்குப் புதுசு. டாக்டர்கள் சிரித்தார்கள். லாடக்காரர்கள் தங்கள் பிழைப்பில் மண் விழுகிறது என்று கோபப்பட்டார்கள்.

பள்ளி திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அந்தக் கோடையிலேயே சோதனை வந்தது. லியோனுக்கு அருகே தோஃபினே பகுதியில் கால்நடைகளுக்கு நோய். அரைகுறையாகப் படித்திருந்த மாணவர்களை அங்கே அனுப்பினார்கள். நோய் தணிந்தது. தானாகத் தணிந்ததா, இவர்களால் தணிந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் பூர்ஷெலா அதைச் சரியாக விளம்பரப்படுத்திக்கொண்டார். தொடர்ந்து பல மாகாணங்களிலிருந்து அழைப்பு வந்தது. 1764-ல் பள்ளிக்கு அரச கால்நடை மருத்துவப் பள்ளி என்ற பட்டம் கிடைத்தது.

வெளிநாட்டு மாணவர்களும் வர ஆரம்பித்தார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த ஆபில்கோர் திரும்பிப் போய் 1773-ல் கோபன்ஹேகனில் பள்ளி தொடங்கினார். ஸ்வீடனிலிருந்து ஹெர்ன்குவிஸ்ட், இவரை அனுப்பியதில், செடி கொடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்த லின்னேயஸுக்குப் பங்கு உண்டு. வியன்னாவிலும் இத்தாலியின் தூரின் நகரிலும் பள்ளி தொடங்கியவர்களும் லியோன் மாணவர்களே.

சண்டைக்கார டீன்

1765-ல் பூர்ஷெலா பாரிஸுக்குப் போய் இரண்டாவது பள்ளியைத் தொடங்கினார். அடுத்த வருஷம் அது தலைநகருக்கு வெளியே அல்ஃபோர் மாளிகைக்கு மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அங்கே உடற்கூறு பேராசிரியர் ஹொனோரே ஃபிராகோனார். ஓவியர் ஃபிராகோனாரின் உறவினர். செத்த உடல்களின் தோலை உரித்து, ரத்தக் குழாய்களில் மெழுகுக் கலவை ஏற்றி, உலர்த்திப் பதப்படுத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தோலுரித்த குதிரை மேல் தோலுரித்த மனிதன் அமர்ந்து பாய்வது போல அவர் செய்து வைத்த உருவம் 250 வருஷம் தாண்டி அல்ஃபோர் அருங்காட்சியகத்தில் அப்படியே இருக்கிறது. பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. பூர்ஷெலாவுக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. 1771-ல் ஃபிராகோனாரை வெளியே அனுப்பிவிட்டார். லியோன் பள்ளியைப் பார்த்துக்கொண்ட ரோஸியே பாதிரியாரும் அதற்கு இரண்டு வருஷம் முன்பே இதே மாதிரி போனவர்தான்.

லாஃபோஸ் என்ற இன்னொருவரின் கதை இன்னும் வருத்தமானது. லாடக்காரர் பரம்பரை, குதிரை உடற்கூறில் பூர்ஷெலாவைவிடத் தெளிவானவர் என்று பலர் மதித்தார்கள். பூர்ஷெலா அவரைப் பள்ளிக்குள் சேர்க்கவே இல்லை. லாஃபோஸ் தனியாகப் பள்ளி நடத்திப் பார்த்தார், நிற்கவில்லை. 1772-ல் குதிரை மருத்துவம் பற்றி அருமையான படங்களோடு பெரிய நூல் வெளியிட்டார். இருவருக்கும் பகை கடைசிவரை தீரவில்லை. அறிவியல் என்று பார்த்தால் பூர்ஷெலா பெரிய கண்டுபிடிப்பு எதையும் விட்டுப் போகவில்லை என்பதே உண்மை. அவர் விட்டுப் போனது ஒரு நிறுவனம். அதைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டதில் நல்ல ஆட்கள் சிலரை இழந்தார்.

பெரிய அடி 1774-ல் விழுந்தது. தென்மேற்கு பிரான்ஸில் வெக்கை நோய் மறுபடி புகுந்தது. எந்த நோயைச் சொல்லிப் பள்ளி கேட்டாரோ அதே நோய். ஆனால் அப்போதைய நிதி அமைச்சர் துர்கோ முக்கியப் பொறுப்பைக் கொடுத்தது பூர்ஷெலாவுக்கு இல்லை. விக் தஸீர் என்ற இளம் மருத்துவருக்கு. அவர் களத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, மருந்தால் ஆகாது என்று முடிவு செய்தார். நோய் கண்ட மாடுகளைக் கொல்லுவது, சொந்தக்காரருக்கு இழப்பீடு கொடுப்பது, ஊரைச் சுற்றிப் படையை நிறுத்தி மாடுகள் நகராமல் தடுப்பது. விவசாயிகள் மாடுகளை ஒளித்து வைத்தார்கள். கொடூரமான வழிதான். ஆனால் தடுப்பூசி இல்லாத காலத்தில் பலன் கொடுத்த வழி அது ஒன்றுதான். புளியரையில் வண்டிகளைத் தடுத்து நிறுத்துவதும், பறவைக் காய்ச்சல் வந்த பண்ணையில் கோழிகளைக் கொன்று புதைத்து இழப்பீடு கொடுப்பதும் அதே வழியின் தொடர்ச்சி.

அப்புறம் பூர்ஷெலாவுக்கு உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கீல்வாதம் படுத்தியது. 1777-ல் இரண்டு பள்ளிகளுக்குமான விதிமுறைகளை எழுதி வெளியிட்டார். அவர் எழுதியதிலேயே இன்றும் மதிப்போடு திரும்பப் படிக்கப்படுவது இந்த விதிப்புத்தகம்தான். இங்கே படித்துப் போகிறவர்கள் ஏழை யார், பணக்காரர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தங்கள் திறமைக்கு அதிக விலை வைக்கக் கூடாது. அரசு காசில் படித்ததை மறக்கக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறார். மனித மருத்துவர்களுக்கும் பள்ளியின் கதவு திறந்தே இருக்கும் என்கிறார். மனித உடலையும் மிருக உடலையும் ஒப்பிட்டுப் படித்தால் இரண்டுக்கும் நல்லது என்பது அவர் எண்ணம். இப்போது 'ஒன் ஹெல்த்' என்று மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, கிட்டத்தட்ட அதுதான்.

1779 ஜனவரி 3-ம் தேதி பாரிஸில் இறந்தார். அவருக்குப் பின் பொறுப்புக்கு வந்த ஷபேர் ஒரு லாடக்காரரின் மகன்.

லியோனிலிருந்து வேப்பேரி வரை

இங்கிலாந்துக்கு இந்தப் படிப்பு போனதும் லியோன் வழியாகத்தான். அங்கே படித்த செயின்ட் பெல் 1791-ல் லண்டன் கல்லூரியைத் தொடங்கினார். அதே காலத்தில், பிரெஞ்சுப் புரட்சியின் அமளிக்கு நடுவே, வில்லியம் மூர்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயர் லியோனில் போய்ப் படித்தார். இந்தப் படிப்பை முறையாகப் படித்த முதல் ஆங்கிலேயர் அவர். 1808-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்து, பீகாரில் பூசா என்ற இடத்திலிருந்த குதிரைப் பண்ணையை ஒப்படைத்தது. நல்ல குதிரை தேடுகிறேன் என்று கிளம்பியவர் திபெத், லடாக், புகாரா வரை போய், 1825-ல் ஆப்கானிஸ்தான் பக்கம் காய்ச்சலில் இறந்தார். அது தனிக் கதை.

இந்தியாவிலும் முதல் அக்கறை ராணுவக் குதிரைக்குத்தான். 1862-ல் புனேயில் வந்த பள்ளி ராணுவத்துக்கானது. பிறகு மாட்டுக் கொள்ளைநோய் இங்கேயும் கணக்கைக் கேட்டது. 1869-ல் அதை ஆராய ஒரு கமிஷன் போட்டார்கள். லாகூர், பம்பாய், கல்கத்தாவுக்குப் பின் 1903 அக்டோபர் 1-ல் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 20 மாணவர்களோடு தொடங்கியது. வேப்பேரியில் இன்றும் நடப்பது அதுதான். 1936-ல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பானது. இந்தியாவில் முதலில் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கால்நடைக் கல்லூரி அது. 1989-ல் தனிப் பல்கலைக்கழகம். இப்போது சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலை, தேனி என்று ஏழு அரசுக் கல்லூரிகள். நான்கரை வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். உணவு, பால், கோழியினத் தொழில்நுட்பத்தில் பி.டெக்.கும் உண்டு.

வெக்கை நோய் என்ன ஆனது? நல்ல தடுப்பூசி வந்த பிறகு நாடு நாடாகப் பின்வாங்கியது. இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல், நம் வட ஆற்காடு பகுதியில். 2006-ல் இந்தியா அந்த நோய் இல்லாத நாடானது. 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர்கள் ஒழித்துக்கட்டிய இரண்டாவது நோய் இதுதான். லியோன் பள்ளிக்கு அனுமதி கிடைத்து 250 வருஷம் ஆனதை அதே 2011-ல்தான் உலக கால்நடை மருத்துவ ஆண்டாகக் கொண்டாடினார்கள்.

அந்த வைரஸின் நெருங்கிய சொந்தம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது 1987-ல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அந்த ஊரில் எடுத்த வைரஸிலிருந்தே நம் கால்நடைப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. 2030-க்குள் அதையும் ஒழிப்பது என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. தடுப்பூசி முகாம் என்று கால்நடை மருந்தகத்திலிருந்து ஊருக்குள் சொல்லிவிட்டால், வெள்ளாடு செம்மறி என்று ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.